பழனிக்குப் போன கோபம்

சென்ற மாதம் வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோர இடத்துக்காக இரண்டு ஆண்கள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். கண்டக்டர் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கலாம். "இப்ப எல்லாருக்கும் மூக்கு மேல கோவம் வருதும்மா. அந்தக் காலத்துல சனங்க இப்படியா இருந்தாங்க?" என்றாள். "ஆமாமா" என்று சொல்லி வைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவளிடம் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் அவள் சொன்ன அந்தக் காலத்தில் வாழ்ந்தவள் நான். எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் என் மாமனாரும் மாமியாரும்தான்.

நான் பிறந்தது பழனி அடிவாரத்தில். அப்பா திருநீறு, குங்குமம், சந்தனம், உருத்திராட்ச மாலை விற்கும் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பக்கத்துக் கடைக்காரரோடு அவருக்கு அநேகமாக எல்லா நாளும் சண்டை. அவருடைய தட்டி நம் கடையை மறைக்கிறது என்று அப்பா கத்துவார். உங்கள் பலகை என் வாசலுக்கு நீண்டிருக்கிறது என்று அவர் கத்துவார். தெருவே கேட்கும். காபி வந்ததும் ஒரு டம்ளர் காபியை இரண்டு பேரும் பாதிப் பாதியாக ஊற்றிக் குடிப்பார்கள். சில்லறை இல்லை என்றால் முதலில் அவரிடம்தான் அப்பா கை நீட்டுவார். கோபம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

ஐம்பதுகள் முடியும் சமயத்தில் வில்பட்டியில் வாழ்க்கைப்பட்டேன். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நிலம், பூண்டும் உருளைக்கிழங்கும். வீட்டில் மாமனார், மாமியார், என் கணவர், நான். அடிவாரத்து வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்தக் குளிர் எப்படியோ பழகிவிட்டது. அந்த வீட்டின் அமைதிதான் பழக நாளாயிற்று.

மாமா கோபக்காரர். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. "அவருக்குக் கொஞ்சம் கோவம் வரும்" என்பதை, "அவருக்குக் கொஞ்சம் நெலம் இருக்கு" என்கிற மாதிரி சொல்வார்கள். மாலையில் அவர் வயலிலிருந்து ஏறி வரும்போது அத்தை அடுப்படியிலிருந்தே காது கொடுத்துக் கேட்பார். செருப்பைக் கழற்றும் சத்தம், கம்பளியைக் கொடியில் போடும் விதம். கம்பளியை மடித்துப் போட்டால் பேச்சுக் கொடுக்கலாம். சுருட்டி எறிந்தால் அத்தை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அன்று பாத்திரம்கூட உரசாமல் எடுத்து வைக்க வேண்டும். சந்தையில் விலை இறங்கியது, மழை பிந்தியது, பஸ் வரவில்லை, எருமை வேலியைத் தாண்டியது என்று எது நடந்தாலும் அந்தக் கோபம் கடைசியில் வீட்டுக்குத்தான் வந்து சேரும்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானபோது, கொட்டுகிற மழையில் கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, கொடைக்கானல் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு பக்கத்துத் தோள் கொடுத்தவர் அவர்தான். திரும்பி வந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெந்நீர் ஆறிப்போயிருக்கிறது என்று அத்தையிடம் கத்தினார்.

அத்தையைப் பற்றி ஊர் சொன்னது நேர்மாறு. "அந்தம்மா பூமாதேவி. கோவம்னா கறுப்பா செவப்பான்னு கூடத் தெரியாது" என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். மாமா கத்திவிட்டுப் போன நாட்களில் அத்தை கொல்லைப்பக்கம் போய் விறகு பிளப்பார். வீட்டில் விறகு நிறையக் கிடக்கும்போதும் பிளப்பார். கோடரி விழும் சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் விறகுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம் உறைபனி கடுமையாக இறங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் உருளைக்கிழங்குச் செடியெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கருகிக் கிடந்தது. மாமா வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் மாமாவின் தங்கை மாப்பிள்ளை இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூண்டு விதை வாங்கும் பேச்சு. மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். என் கணவர் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போயிருந்தார். அத்தை பரிமாற, நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர் கருகிப்போன செடியைப் பற்றிக் கேட்டுவிட்டார். மாமா சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். குழம்பில் உப்புக் குறைவு என்றார். அத்தை உப்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள், வட்டிலைக் காலால் எத்திவிட்டார். அது சுவரில் மோதி, உருண்டு, முற்றத்தில் போய்க் கவிழ்ந்தது. சோறும் குழம்பும் அத்தையின் சேலையெல்லாம்.

"மனுசன் திங்கிறதா இது?"

வந்தவர்கள் இரண்டு பேரும் தங்கள் வட்டிலையே பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மாமா கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை சேலைமேல் இருந்த சோற்றைத் தட்டிவிட்டு, விருந்தாளிகளுக்கு மோர் ஊற்றினார். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க, கூச்சப்படாதீங்க" என்றுகூடச் சொன்னார். அவர்கள் போன பிறகு வீட்டைக் கழுவினார். அன்று விறகு பிளக்கவில்லை. கோடரி சத்தம் வரும் வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், வரவே இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பு என்னை எழுப்பினார்.

"எந்திரித்தா. சேலைய மாத்திட்டு வெரசாக் கெளம்பு. பழனிக்குப் போவம்."

"பழனிக்கா? எதுக்குங்கத்தை?"

"ஒரு சோலியும் இல்ல. நடக்கணும் போல இருக்கு."

"மாமாவுக்குச் சொல்ல வேணாமுங்களா?"

"எந்திரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

அப்போது கொடைக்கானலிலிருந்து பழனிக்குப் பஸ்ஸில் போவதென்றால் வத்தலக்குண்டு இறங்கித் திண்டுக்கல் சுற்றிப் போக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் காட்டுப்பாதையில் நடந்தேதான் போவார்கள். பூண்டு மூட்டை சுமந்த குதிரைகளும் அந்த வழியாகத்தான் இறங்கும். வெள்ளனே கிளம்பினால் பொழுது சாய அடிவாரம் சேரலாம். ஆனால் ஆண் துணை இல்லாமல் இரண்டு பெண்கள் போவது வழக்கமில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. பழனியில் எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கே போய்த் தங்குவது? சம்பந்தி வீட்டில், புருஷனிடம் சொல்லாமல் வந்து ஒரு பெண் நிற்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை. தயங்கித் தயங்கி இதை அத்தையிடம் சொன்னேன்.

"மரியாதையப் பாக்கச் சொல்றியாக்கும். அதத்தான் நேத்து வட்டிலோட எத்தி விட்டாச்சே" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

வெகுதூரம் நடந்தோம். ஈரச் சருகில் எங்கள் கால் சத்தம்தான். சோலைக்காடு முடிகிற இடத்தில் ஓர் ஓடை வரும். அங்கே உட்கார்ந்து முகம் கழுவினோம். அத்தை தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நின்றார். திடீரென்று மரங்களைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

மாமாவைத்தான். என்னென்ன வார்த்தைகள்! அவருக்கு அதெல்லாம் தெரியும் என்றே நான் நினைத்ததில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து தொடங்கினார். தாய் இறந்த சேதி வந்தபோது அறுவடை என்று சொல்லி அனுப்பாதது, கைக்குழந்தையோடு காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஆறிவிட்டதென்று கொட்டியது, நாத்தனார் கல்யாணத்துக்கு இவர் காதுத் தோட்டைக் கேட்காமலே கழற்றிக் கொடுத்தது. ஒவ்வொன்றையும் நேற்று நடந்தது மாதிரி சொன்னார். நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒருவர் குதிரைகளை ஓட்டிக்கொண்டு ஏறி வந்தார். கொஞ்சம் மிரண்டுபோய் நின்றார்.

"ஆத்தா, ஆரைங்க வையிறீங்க?"

"ஒன்னைய இல்லப்பா. நீ பாட்டுக்குப் போ."

அவர் குதிரையைப் பார்த்து, "ஏலே, வெரசா நடலே, நம்மளையும் சேத்துக்கப் போறாங்க" என்று சொல்லி ஓட்டிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓடைக்கரையில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த அம்மாவின் பல்லை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

அடிவாரம் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். என் அம்மா வாசலில் எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு, "வாங்க மதினி, ஏறி வாங்க" என்று அத்தையின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஏன் வந்தீர்கள், துணைக்கு யார் வந்தார்கள் என்று ஒரு கேள்வி இல்லை. வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் கால் வைக்கச் சொன்னார். அப்பா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சண்டையா?" என்றார். "சண்டை இல்லப்பா, அத்தை ஒண்ணுமே பேசலை" என்றேன். "அப்பப் பெரிய சண்டைதான்" என்றார்.

மறுநாள் அத்தை படியேறி முருகனைப் பார்த்துவிட்டு வந்து, கடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருநீற்றுப் பொட்டலம் மடித்தார். தைப்பூசம் முடிந்திருந்ததால் கூட்டம் இல்லை. அப்பாவும் பக்கத்துக் கடைக்காரரும் வழக்கம்போலத் தட்டி விஷயமாக ஆரம்பித்தார்கள். அத்தை மடிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைகலப்பு வரப்போகிறது என்றே நினைத்துவிட்டார். காபி வந்து, டம்ளர் கைமாறியதும் அம்மாவிடம், "என்ன மதினி, அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான். நாளைக்கு மறுபடி இருக்கு" என்றார் அம்மா.

"நல்லாத்தான் இருக்கு" என்று அத்தை மறுபடி மடிக்க ஆரம்பித்தார். அடுத்து வந்த ஒரு யாத்ரீகர் மாலையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டபோது, "கையில குடுங்கய்யா, எறியாதீங்க" என்று அத்தைதான் சொன்னார். சத்தமாகவே சொன்னார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது. அந்த மனிதர் மாலையை எடுத்து ஒழுங்காகக் கையில் கொடுத்தார்.

அதற்கு அடுத்த நாள் மாலை மாமா வந்தார். காட்டுப்பாதையில் நடந்தே வந்திருந்தார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு சாக்குப் பூண்டைத் தோளில் சுமந்து வந்திருந்தார். அவ்வளவு கோபத்திலும் அது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் கடைக்குள் ஏறாமல் தெருவிலேயே நின்றார்.

"வாங்க சம்மந்தி, வாங்க" என்று அப்பா எழுந்தார்.

"சாமி கும்புட வந்தேன்" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். அத்தை பொட்டலத்தைக் கீழே வைத்தார். எழுந்து படியில் இறங்கித் தெருவில் அவருக்கு எதிரே போய் நின்றார்.

"இந்தா, என்ன நெனச்சுக்கிட்டு வந்த? ஊரு சிரிக்கட்டும்னா?" என்றார் மாமா.

"ஊரு சிரிக்கும்னு வட்டில எத்துறப்பத் தெரியலையா ஒங்களுக்கு? நாலு பேரு முன்னால சோத்த எத்துனீங்க. நாலு பேரு முன்னாலயே சொல்றேன், கேட்டுக்கங்க. இனி ஒருக்கா என் கையால வச்ச சோத்த எத்துனா, மறுக்கா அந்தக் கையி ஒங்களுக்குச் சோறு வைக்காது."

மாமா கத்தினார். வீட்டில் கத்துகிற அதே குரல். வீட்டில் அந்தக் குரலுக்கு அப்புறம் எந்தச் சத்தமும் இருக்காது. இங்கே அத்தை பதிலுக்குக் கத்தினார். பனியில் செடி கருகினால் அதற்கு நானா பொறுப்பு என்றார். உங்களுக்கு மட்டுந்தான் செடியா, நானும் சேர்ந்துதானே நட்டேன், எனக்கு வயிறு எரியாதா என்றார். மாமா ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொன்னார். பூக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் தட்டிக்கு மேல் தலையை நீட்டி, "நல்லாப் பேசுங்க, ஏவாரம் இல்லாத நேரந்தான்" என்றார். யாரும் பதறவில்லை. யாரும் விலக்கிவிட வரவில்லை. அடிவாரத்தில் அது ஒரு சாதாரண மாலைநேரம்.

மாமாவுக்குத்தான் அது புதிது. எதிர்ப்பேச்சு கேட்டுப் பழக்கமில்லாதவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே வார்த்தை தீர்ந்துவிட்டது. மூச்சு வாங்க நின்றார். சாக்கு இன்னும் தோளிலேயே இருந்தது. பிறகு, குரலை இறக்கி, "மாடு பால் சுரக்க மாட்டேங்குது" என்றார்.

"மாடு மட்டுந்தானா?"

மாமா முகத்தைத் திருப்பினார். மலைக்கோயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை எட்டித் தோளிலிருந்த சாக்கை இறக்கி வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க. கால் கழுவுங்க" என்றார்.

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா சோறு போட்டார். மாமா தலையைக் குனிந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டார். மறுநாள் இருவரும் படியேறிக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். மூன்று பேருமாக மலைக்குத் திரும்பினோம். வழியில் அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்தபோது அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மாமாவுக்கு ஏன் என்று புரியவில்லை.

அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். கோபம் அப்படியேதான் இருந்தது. கம்பளியைச் சுருட்டி எறிவதும் இருந்தது. சோற்றை மட்டும் அப்புறம் எத்தியதில்லை. ஆனால் அத்தை மாறிவிட்டார். அவர் கத்தினால் இவர் "என்னங்க இப்ப?" என்று திருப்பிக் கேட்டார். வீட்டில் சத்தம் அதிகமாயிற்று. எனக்கு என் பிறந்த வீடு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. லோடு முடிந்து வந்த என் கணவர் முதலில் ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது. எங்களுக்குள் வந்த சண்டைகளை நாங்கள் வாய்விட்டே போட்டோம். அதனால் எதுவும் குறைந்துபோகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "பூமாதேவியா இருந்த பொம்பளை, பழனித் தண்ணி குடிச்சதும் இப்படியாகிப் போச்சு" என்றார்கள். ஆனால் சில மாதங்களில் எங்கள் தெருப் பெண்களிடையே ஒரு பேச்சு பிறந்தது. புருஷன் அளவுக்கு மேல் குதித்தால், "நான் பழனிக்குப் போறேன்" என்பார்கள். ஒருத்தியும் போனதில்லை. சொன்னதே போதுமானதாக இருந்தது. முருகனுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ.

அதனால்தான் பஸ்ஸில் அந்தப் பெண் கேட்டபோது எனக்குச் சரியான பதில் வரவில்லை. இன்றைக்கு எல்லோரும் கத்துகிறார்கள், உண்மைதான். சீசனில் மலைப்பாதையில் கார்கள் அடிக்கிற ஹாரனைக் கேட்டால் எனக்கே எரிச்சல் வருகிறது. ஆனால் அன்றைக்குக் கோபம் குறைவாக இருந்ததென்று என்னால் சொல்ல முடியாது. கோபப்படுகிற உரிமை வீட்டில் ஒருவருக்கு இருந்தது; மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பயத்தைத்தான் இப்போது பொறுமை என்று ஞாபகம் வைத்திருக்கிறோம் போல. எங்கள் வயலில் களையெடுக்க வந்த பெண்களுக்கும் கோபம் வந்திருக்கும். அதை அவர்கள் எங்கே கொண்டுபோய்க் கத்தினார்களோ, நான் கேட்டதில்லை.

அறுபதுகளின் நடுவில் எனக்கு மகள் பிறந்தாள். பழனியில் பிரசவம், மூன்றாம் மாதம் மலைக்குக் கூட்டி வந்தோம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, வந்த அன்றைக்கே அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. முகம் சிவந்து, கையைக் காலை உதைத்து, தெருமுனை வரைக்கும் கேட்கும் அழுகை. நான் அவள் வாயை மெல்லப் பொத்திச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். பழைய பழக்கம். மாமா வயலிலிருந்து வருகிற நேரம் வேறு.

"விடுத்தா, கத்தட்டும்" என்றார் அத்தை. "தொண்டை நல்லா இருக்குல்ல, அதப் பாரு."

மாமா வந்தார். கம்பளியைக் கொடியில் போட்டுவிட்டு, தொட்டிலைப் பிடித்து மெதுவாக ஆட்டினார். அவள் இன்னும் உரக்க அழுதாள். அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டார்:

"என்னா கோவம்! இது யாரக் கொண்டுருக்கு?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தவில்லை.

"என்னையத்தான்" என்றார்.